மூன்றாம் வடிவப் பிரிவு

எங்கள் நகராட்சியைப் பற்றி யாரும் அவ்வளவு எளிதில் புகார் சொல்லிவிட முடியாது. அதற்கு ஆங்கில வினைச்சொற்களின் மூன்று வடிவங்களும் தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

முன்பு அப்படி இல்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஜனங்கள் புகார் மாளிகைக்குப் போய்க் கத்துவார்கள். உள்ளே இருப்பவர்கள் பதிலுக்குக் கத்துவார்கள். இரண்டு தரப்புக்கும் தொண்டை கட்டியதும் யாராவது ஒரு பிளம்பர் முனகிக்கொண்டே ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். இந்த அநாகரிகத்தை ஒழித்தவர் இப்போதைய ஆணையர். பதவி ஏற்றதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சில வாரம் யோசித்தார். ஊரின் எல்லாத் துன்பத்துக்கும் காரணம் என்ன என்று கண்டுபிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மக்களுக்கு, நடந்து முடிந்ததற்கும் நடந்த பின் அப்படியே கிடப்பதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. குழாய் உடைந்தது என்றால் அது செய்தி. உடைந்து கிடக்கிறது என்றால் அது வேலை. இரண்டையும் போட்டுக் குழப்பினால் நிர்வாகம் எப்படி நடக்கும்? ஆங்கிலத்தில் இதற்கென்றே புரோக் என்று ஒன்றும் புரோக்கன் என்று ஒன்றும் தனித்தனியாகச் செய்து வைத்திருக்கிறார்களே!

அன்றிலிருந்து புகார் என்பது ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல். அதை வாயால் சொன்னால் போதும். மாளிகையின் இடப்பக்கம் இரண்டாம் வடிவப் பிரிவு. அங்கே நடந்ததைச் சொன்னால் வருத்தம் தெரிவிப்பார்கள். வலப்பக்கம் மூன்றாம் வடிவப் பிரிவு. அங்கே சொன்னால் ஆள் அனுப்பிச் சரி செய்வார்கள். எல்லோரும் வலப்பக்கமே போகப் பார்ப்பார்கள் என்பது தெரிந்த விஷயம்தானே. அதனால் அந்தப் பக்கம் நிபந்தனைகள் கொஞ்சம் கடுமை.

இந்த ஏற்பாடெல்லாம் தெரியாமல் ஒருநாள் காலையில் அந்த வாசலில் போய் நின்றார் ஃபிரேம்காரர். கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டுக் கொடுக்கிறவர். முன்னால் கடை, பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால், நாலு கால்களில் நிற்கும் நகராட்சியின் தண்ணீர்த் தொட்டி. அதில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் விட்டிருந்தது. முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவி. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்துக்குள் மேலேயிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, கூரை ஓடு ஒன்றை நீக்கி எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"என்னங்க, தொட்டி நம்ம வீட்டுப் பக்கமா சாயுது. இன்னிக்கே போய்ச் சொல்லிட்டு வாங்க. கடை அப்புறம் திறக்கலாம்."

அவரும் ஒரு நடையில் காரியம் முடிந்துவிடும் என்று நம்பித்தான் கிளம்பினார்.

வாசலில் காவலாளி மறித்தார். "ரெண்டாவதா, மூணாவதா?"

"முதல் தடவைங்க."

"முதல் இங்க எடுக்கிறதில்ல. வடிவத்தக் கேக்கறேன்."

ஃபிரேம்காரர் தன் சட்டையையும் செருப்பையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். காவலாளிக்கு இரக்கம் வந்துவிட்டது. "புதுசா நீங்க? சரி, இடதுபக்கம் போங்க. அங்க இருக்கிற அம்மா கொஞ்சம் நல்லவங்க."

அந்த அம்மாள் உண்மையிலேயே நல்லவர்தான். ஊரிலேயே அழகாக வருத்தம் தெரிவிப்பவர் என்று பெயர் வாங்கியவர். வீடு எரிந்தவர்கள்கூட அவரிடம் வருத்தம் வாங்கிக்கொண்டு முகம் மலர்ந்து போவார்கள். அவர் பேனாவைத் திறந்து, தலையைச் சாய்த்து, கண்ணில் இரக்கத்தை வரவழைத்துக்கொண்டு, "சொல்லுங்க, ஒரே வார்த்தையில," என்றார்.

"டேங்க் கிராக் மேடம்."

இரக்கம் உள்ளே போய்விட்டது. "கிராக்னா முதல் வடிவம். முதல் வடிவம்னா கட்டளை. நகராட்சித் தொட்டியப் பாத்து 'வெடி'ன்னு உத்தரவு போடறீங்க. இதுக்கு உங்க மேலயே நடவடிக்கை எடுக்கலாம். புதுசுங்கறதால விடறேன்."

"ஐயோ, நான் உத்தரவு போடல மேடம். அதுவா விட்ட கிராக்."

"அப்போ கிராக்டுன்னு சொல்லுங்க."

"கிராக்டு."

எழுதப் போன பேனா பாதியில் நின்றது. அந்த அம்மாளின் முகத்தில் கவலை படர்ந்தது. "எந்தக் கிராக்டு? ரெண்டாவது கிராக்டா, மூணாவது கிராக்டா?"

"ஒரே கிராக்தான் மேடம். மேலருந்து கீழ வரைக்கும் ஒண்ணே ஒண்ணு."

"அது தெரியுது. ரெண்டு வடிவமும் ஒரே மாதிரி இருக்கே! நான் எடுத்தா மூணாவது பிரிவுக்காரர் சண்டைக்கு வருவார். அவர் எடுத்தா நான் போகணும். எங்களுக்குள்ள இதுவரைக்கும் ஒரு மனஸ்தாபம் கிடையாது. உங்க தொட்டிக்காக அதக் கெடுத்துக்க முடியுமா? நீங்க எதுக்கும் இரட்டையர் கூடத்துல உக்காருங்க."

இரட்டையர் கூடம் என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு நீளமான அறை. இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒட்டிப் பிறந்த வினைச்சொற்களில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் அங்கே பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். சாலை தோண்டுகிறோம் என்று கடைவாசலில் சுவர் எழுப்பிவிட்டதால் கடையை மூடவேண்டி வந்த மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவருடையது ஷட். நகராட்சித் தகரப்பலகை கிழித்துக் கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு தபால்காரர் இருந்தார். அவருடையது கட். ஷட்டைப் போலவே இதற்கும் மூன்று வடிவமும் ஒன்றே என்பதால் இருவரையும் யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தபால்காரரின் புண் ஆறிவிட்டது. ஆறியது தெரிந்தால் ஆதாரம் போய்விடும் என்று கட்டை மட்டும் அவிழ்க்காமல் வைத்திருந்தார்.

இவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, காலில் நாய் கடித்த ஒருவர், துணைக்கு ஓர் ஆளை முன்னால் விட்டுக்கொண்டு, நொண்டியபடி வெளியிலிருந்து வந்தார். காவலாளி கேட்கும் முன்பே "பிட்டன்" என்றார். நேராக வலப்பக்கம் அனுப்பிவிட்டார்கள். கூடமே பெருமூச்சு விட்டது.

"பிட், பிட்டன். ரெண்டும் வேற வேற," என்றார் தபால்காரர் வயிற்றெரிச்சலோடு. "நாய் கடிச்சவனுக்கு எப்பவும் ராஜயோகம்தாங்க. நானும் தெருவுல நாயப் பாத்தா கொஞ்சம் மெதுவாத்தான் நடக்கறேன். ஒண்ணும் கிட்ட வர மாட்டேங்குது."

பிறகு குரலைத் தாழ்த்தி யோசனை சொன்னார். "உங்களுக்கு வழி இருக்கு. கிராக்க விட்டுடுங்க. புரோக்கன்னு சொல்லுங்க. தெளிவான மூணாவது வடிவம். ஆனா தனியாப் போகாதீங்க, ஒரு துணை வேணும்."

இது மூன்றாம் பிரிவின் முதல் நிபந்தனை. மூன்றாம் வடிவம் வாக்கியத்தில் தனியாக வராது, ஹேஸ், ஹேவ், ஹேட் என்று ஒரு துணைச்சொல் முன்னால் நின்றாக வேண்டும் என்பது இலக்கணம். சொல்லுக்கே துணை வேண்டும் என்றால், சொல்லுகிறவன் மட்டும் தனியாக வரலாமா என்று ஆணையர் கேட்டார். அதுவே விதியாகிவிட்டது. துணைக்கு ஆள் இல்லாதவர்களின் வசதிக்காக வாசல் மரத்தடியில் சிலர் கழுத்தில் ஹேஸ், ஹேவ் என்று அட்டை மாட்டிக்கொண்டு பீடி குடித்தபடி நிற்பார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் கூட வருவார்கள்.

ஃபிரேம்காரர் வெளியாளை நம்பவில்லை. டயர் கடை வைத்திருக்கும் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு மறுநாள் வந்தார். மனைவியின் தம்பி. கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும், ஆனால் அக்காவுக்காக எதையும் செய்வான்.

மூன்றாம் பிரிவின் தலைமை அதிகாரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். "துணை முன்னால. புகார்தாரர் பின்னால. நடுவுல காத்துகூடப் போகக் கூடாது. ஒட்டி நில்லுங்க."

இருவரும் ரயில் பெட்டிகள்போல ஒட்டி நின்றார்கள்.

"துணை, நீங்க ஹேஸ்."

"நான் டயர் கடை சார்."

"இங்க ஹேஸ். வாயத் திறந்து சொல்லுங்க."

"ஹேஸ்," என்றான் மச்சான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ம், அடுத்தது."

ஃபிரேம்காரர் மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். அந்த நொடியில், மூலையில் ஸ்டூலில் தூங்கிக்கொண்டிருந்த கடைநிலை ஊழியர் எழுந்து, ஒரு தண்ணீர்த் தம்ளரைத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு, "கொஞ்சம் வழி, கொஞ்சம் வழி" என்று இருவரையும் விலக்கி நடுவில் புகுந்து அந்தப் பக்கம் போனார். அவர் போன பிறகுதான் "புரோக்கன்" வெளியே வந்தது.

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். "போச்சு."

"என்ன சார் போச்சு?"

"ஹேஸுக்கும் புரோக்கனுக்கும் நடுவுல ஒண்ணு வந்தா அது நாட். ஹேஸ் நாட் புரோக்கன். தொட்டி உடையலன்னு நீங்களே ரெண்டு பேரும் சேந்து சொல்லிட்டீங்க."

மச்சான் மேஜையை ஒரு தட்டுத் தட்டினான். "ஏன் சார், ஒருத்தர் தண்ணி எடுத்துட்டு நடுவுல போனா தொட்டி ஒட்டிக்குமா?"

"எங்களப் பொறுத்தவரைக்கும் ஒட்டிக்கிச்சு," என்றார் அதிகாரி அமைதியாக. "தம்பி, கோபப்படாதீங்க. அவருக்கு அதுதான் வேலை. நிரந்தரப் பதவி. இந்தப் பிரிவுலேயே ஒழுங்கா வேலை பாக்கறவர் அவர் ஒருத்தர்தான்."

ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்துவிட்ட ஊழியர் அடக்கமாகப் புன்னகைத்தார். தம்ளரில் தண்ணீர் இல்லை என்பதை மச்சான் அப்போதுதான் கவனித்தான்.

உடையாத தொட்டியை உடைந்ததாகச் சொல்ல வந்த குற்றத்துக்காக ஃபிரேம்காரரை வடிவப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். தினமும் மாலை போக வேண்டும். போகாவிட்டால் இனிமேல் எந்தப் புகாரும் சொல்ல முடியாது. மனைவியிடம் சொன்னபோது, அவள் வாளியை எடுத்துவிட்டுச் சொட்டுக்குக் கீழே பெரிய அண்டாவை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"பாடம் படிச்சா தொட்டி நிமிந்துடுமா?" என்றாள்.

"பாஸ் பண்ணா ஆள் அனுப்புவாங்களாம்."

"அதுக்குள்ள தொட்டி நம்மளப் பாஸ் பண்ணிடும். வாங்க, தம்பி வீட்டுக்குப் போயிடலாம். டயர் கடை மாடியில ஒரு ரூம் சும்மாத்தானே கிடக்கு."

போயிருக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு விதி இருந்தது. ஆபத்தில் இருக்கும் வீட்டைக் காலி செய்தால் அதில் இருந்தவர் பாதிக்கப்பட்டவர் என்ற தகுதியை இழந்துவிடுவார். பாதிக்கப்பட்டவரே இல்லாதபோது புகார் ஏது? அந்த வீடு ஃபிரேம்காரர் இருபது வருஷம் மரமும் கண்ணாடியும் அறுத்துக் கட்டியது. தொட்டியைச் சரி செய்யாவிட்டால் வீடு போய்விடும். வீட்டை விட்டுப் போனால் தொட்டியைச் சரி செய்ய மாட்டார்கள். அவர் விழி பிதுங்கினார். வகுப்புக்குப் போனார்.

வகுப்பு எடுத்தவர் ஒரு கொத்தனார். நகராட்சியின் தலைமைக் கொத்தனார். புகார் எதுவும் தேறி வெளியே வராததால் கொத்தனார்களுக்கும் பிளம்பர்களுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. சும்மா வைத்துச் சம்பளம் கொடுப்பது முறையாகாது என்று ஆணையர் அவர்களை ஆசிரியர்கள் ஆக்கிவிட்டார்.

ஃபிரேம்காரருக்கு ஒரு நம்பிக்கை துளிர்த்தது. முதல்நாள் வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் போய், "ஐயா, நீங்க கொத்தனார்தானே? ரெண்டு மூட்டை சிமெண்டு இருந்தா அந்த விரிசல..." என்று ஆரம்பித்தார்.

கொத்தனார் பதறிவிட்டார். "அந்தப் பேச்சே இங்க எடுக்காதீங்க. நான் இருபத்தஞ்சு வருஷம் வெயில்ல சாரத்துல தொங்கினவன். இப்பதான் ஃபேனுக்குக் கீழ நிக்கறேன். உங்க விரிசல நான் பூசினா நாளைக்கு எல்லா விரிசலையும் பூசச் சொல்லுவாங்க. வாங்க, சொல்லுங்க. டேக்."

"டேக், டுக், டேக்கன்."

"ஷேக்."

"ஷேக், ஷுக், ஷேக்கன்."

கொத்தனார் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "யாரும் சொல்லிக் கொடுக்காம எப்படி வந்துது?"

"அதே மாதிரிதானே இருக்கணும்னு நினைச்சேன்."

"சபாஷ்!"

அங்கேதான் வினை பிடித்தது. ஃபிரேம்காரருக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்ததெல்லாம் குட்டுதான். அப்புறம் ஆயுள் முழுக்க, மற்றவர்கள் வாங்கின சான்றிதழ்களுக்கும் பட்டங்களுக்கும் சட்டம் போட்டுக் கொடுத்தே காலம் போயிற்று. அவரைப் பார்த்து ஒருவர் சபாஷ் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லைச் சப்பிக்கொண்டே வந்தார்.

அடுத்த சில வாரங்களில் ஆளே மாறிவிட்டார். மரம் அறுக்கும்போது ரம்பத்தின் தாளத்துக்கு ஒத்து "சிங், சேங், சங்" என்று பாடினார். கல்யாணப் படத்துக்குக் கண்ணாடி மாற்ற வந்தவர் உடைந்ததைக் காட்டியதும், "புரோக்கா, புரோக்கனா, யோசிச்சுச் சொல்லுங்க," என்று மடக்கினார். வந்தவர் படத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார். இரட்டையர் கூடத்துத் தபால்காரரைத் தெருவில் பார்த்தபோது, "கட் எல்லாம் ஒரு வினையா சார்? கொஞ்சம் முயற்சி பண்ணி நல்லதா ஒண்ணுல அடிபடக்கூடாதா?" என்று அக்கறையாகச் சொன்னார். அண்டா நிரம்பி வழிந்து சமையலறை முழுக்கத் தண்ணீர். அதில் கால் நனைய நின்றுகொண்டு, "பாரு, இது ஃப்ளோ. ஓடறது. இதோட ரெண்டாவது வடிவமும் மூணாவதும் ஒண்ணு. அதனால இதச் சொல்லிப் பிரயோஜனமில்ல," என்று மனைவிக்கு விளக்கினார்.

"துடைப்பத்த எடுங்க," என்றாள் அவள்.

இப்படி இருக்கையில், அந்த அம்மாளும் மூன்றாம் பிரிவு அதிகாரியும் மாறி மாறித் தள்ளிவிட்ட, ஃபிரேம்காரரின் அந்த முதல் நாள் கிராக்டு கடைசியில் ஆணையரிடமே போய்ச் சேர்ந்தது. அவர் நேரில் வந்து ஆராய்வதாகச் சொல்லிவிட்டார். ஒருநாள் காலை மூன்று பேரும் குடையோடு ஃபிரேம்காரர் வீட்டுச் சமையலறைக்குள் வந்து நின்றார்கள். குடையை அவர்கள் விரித்தது வீட்டுக்குள் வந்த பிறகுதான்.

தொட்டி இப்போது ஓட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சாய்ந்திருந்தது. ஆணையர் அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பரவசம்.

"என்ன அழகான பிரச்சனை!" என்றார். "ஒரு குறிப்பிட்ட நிமிஷத்துல இது விரிஞ்சிருக்கு. அப்படிப் பாத்தா இது நடந்து முடிஞ்சது. ஆனா இன்னும் விரிஞ்சபடி இருக்கு. அப்படிப் பாத்தா இது முடியல."

"விரிஞ்சது விரிஞ்சதுதான் சார். நான் எப்படி எடுக்கறது?" என்றார் மூன்றாம் பிரிவு அதிகாரி.

"இன்னும் விரிஞ்சுட்டே இருக்கு. நான் இப்பவே வருத்தம் தெரிவிச்சுட்டா அப்புறம் நடக்கப்போறதுக்கு என்ன தெரிவிப்பேன்?" என்றார் அம்மாள்.

ஃபிரேம்காரரின் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "சார், நான் படிக்காதவ. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதச் சரி பண்ணுவீங்களா, மாட்டீங்களா?"

ஆணையர் அவளைப் பாசத்தோடு பார்த்தார். "அம்மா, நீங்க ஒண்ணப் புரிஞ்சுக்கணும். நான் வரும்போது இந்த ஊர்ல ஒரு நாளைக்கு நானூறு புகார். இப்போ வாரத்துக்கு ரெண்டு. அதுவும் நாய்க்கடி. இவ்வளவு நிம்மதியான ஊர் வேற எங்கயாவது இருக்கா? குழாயெல்லாம் சரியாயிடுச்சான்னு கேப்பாங்க. அது வேற துறை. அந்தத் துறைய நான் மூடிட்டேன், ஏன்னா அங்க புகாரே வரல."

"தொட்டி விழுந்துட்டா?"

ஆணையரின் கண் பளிச்சிட்டது. மற்ற இருவரும் நிமிர்ந்தார்கள்.

"விழுந்துட்டா அருமையா இருக்கும்மா! அதத்தான் நானும் யோசிச்சிட்டு இருந்தேன். ஃபால்னு ஒரு வினை. மூணு வடிவமும் மூணு விதம். குழப்பத்துக்கே இடமில்ல. அன்னிக்கே முடிச்சுக் கொடுத்துடுவோம். கொஞ்சம் பொறுங்க, தானா நல்ல வினையா மாறும்."

"எங்க தலை மேலதானே விழும்?"

"அதுல இலக்கணப்படி ஒரு சிக்கலும் இல்ல."

அப்போது ஃபிரேம்காரர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மனைவி கேட்ட கேள்விக்கு இவரல்லவா அந்த மூன்று பேரையும் குடையோடு வெளியே தள்ளியிருக்க வேண்டும்? மாறாக ஒரு அடி முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, "ஃபால், ஃபெல், ஃபாலன் சார்," என்றார்.

ஆணையர் திரும்பினார். "யார் இது?"

"பாதிக்கப்பட்டவர் சார்," என்றார் அதிகாரி.

"எவ்வளவு சுத்தமா சொல்றார்! நான் தேடிட்டிருந்த குடிமகன் இவர்தான்." ஆணையர் அவர் தோளில் தட்டினார். "அடுத்த வாரம் நம்ம ஆண்டு விழா. மேடையில நீங்க வடிவம் சொல்றீங்க. கேடயம் உண்டு."

ஃபிரேம்காரர் ஆணையரைக் கும்பிட்டார். மனைவியின் பக்கம் திரும்பிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவரை, முன்பின் தெரியாத யாரோ வீட்டுக்குள் நிற்கிற மாதிரி பார்த்தாள்.

விழாவன்று காலையில் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். சுவரில் கேடயம் மாட்டுவதற்கு முந்தின நாளே ஆணி அடித்து வைத்திருந்தார். அடித்தபோது சுவர் அதிர்ந்து, தொட்டி ஒருமுறை முனகியது.

"நீ வரலயா?"

"நான் சாமானெல்லாம் எடுத்துத் தெருவுல வைக்கப் போறேன். தம்பி வரான்."

"காலி பண்ணா தகுதி போயிடும்."

"போகட்டும். நீங்களும் போகாதீங்க. இருந்து ஒரு கை பிடிங்க. இந்தப் பீரோவ நானும் அவனும் தூக்க முடியாது."

"ஒரு மணி நேரத்துல வந்துடறேன். இன்னிக்கு மட்டும். என் பேரச் சொல்லிக் கூப்பிடப் போறாங்க, தெரியுமா?"

அவள் பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தாள். அவர் தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாளிகையின் பெரிய கூடம் நிரம்பி வழிந்தது. ஊழியர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை. ஆணையர் பேச எழுந்தார். "இந்த ஊர்ல இப்ப எதுவுமே உடையறதில்ல," என்று தொடங்கினார். "உடையறது, உடைஞ்சது, உடைஞ்சு கிடக்கிறது. இந்த மூணையும் பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்சவங்களுக்குத்தான் எதுவும் உடையும். அப்படிப்பட்டவங்க நம்ம ஊர்ல இதுவரைக்கும் இல்ல. இன்னிக்கு முதல் ஆளக் கண்டுபிடிச்சிருக்கோம்." பலத்த கைதட்டல். பிறகு ஃபிரேம்காரரின் முழுப்பெயரையும் சொல்லி அழைத்தார். கடைத்தெருவில் யாருக்குமே தெரியாத அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த அம்மாள் ஒவ்வொரு வினையாகக் கேட்டார். இவர் சொல்லச் சொல்ல, முன்வரிசையில் கொத்தனார் பெருமையில் தொடையைத் தட்டினார். ரைட், ரோட், ரிட்டன். டிரைவ், டுரோவ், டிரிவன். ஒன்றுகூடத் தவறவில்லை. பாதியில் வெளியே எங்கோ பெரிதாக ஒரு சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"இடி," என்றார் ஆணையர் ஒலிபெருக்கியில். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

கேடயத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மச்சான் உள்ளே ஓடி வந்தான். தலையிலிருந்து கால்வரை சேறு. நெற்றியில் ரத்தம். காவலாளி "ரெண்டாவதா, மூணாவதா?" என்று பின்னாலேயே ஓடி வந்தார். மச்சான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடைக்குக் கீழே வந்து நின்று, மூச்சு வாங்க, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

"மாமா! தொட்டி விழுந்துடுச்சு மாமா! வீட்டு மேல விழுந்துடுச்சு!"

எல்லோரும் ஃபிரேம்காரரைப் பார்த்தார்கள். அவர் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மேடை விளிம்புக்கு வந்து, குனிந்து, தெளிவாகக் கேட்டார்.

"ஃபெல்லா, ஃபாலனா?"

மச்சான் நெற்றி ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவரை அண்ணாந்து பார்த்தான்.

முதலில் கைதட்டியது ஆணையர். அப்புறம் கூடமே எழுந்து நின்றது. எந்தக் குடிமகனும் இவ்வளவு நிதானமாக, இவ்வளவு சரியாக, இப்படி ஒரு கேள்வியை இதுவரை கேட்டதில்லை. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாம் பிரிவு அதிகாரி, ஸ்டூல்காரரை நடுவில் போய்விடாதபடி கையைப் பிடித்து நிறுத்தி வைத்துவிட்டு, தானும் தட்டினார்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவேதான் ஃபிரேம்காரர் வாசலைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முடியெல்லாம் சுண்ணாம்பு. ஒரு காலில் மட்டும் செருப்பு. தம்பிக்குப் பின்னாலேயே வந்திருக்கிறாள். கேள்வியையும் கேட்டிருக்கிறாள்.

கைதட்டல் கொஞ்சம் தணிந்தபோது அவள் பேசினாள். சத்தம் போடவில்லை.

"வீடு போச்சு. அது போகட்டும். நான் உள்ள இருந்தேனா, வெளிய இருந்தேனான்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலயா உங்களுக்கு?"

அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் உண்மை. அது உண்மை என்று அவருக்கே தெரிந்தபோது, மேடையில் அத்தனை பேர் முன்னால் நிற்கக் கூசியது. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தார். அவர் அத்தனை வாரம் படித்ததில் அந்த இடத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் திரும்பித் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

கேடயத்தை எங்கே போட்டார் என்று தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அவள் டயர் கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். "இந்தா, கொஞ்சம் நில்லு," என்று கூப்பிட்டார். அவள் நிற்கவில்லை, நடையைக் கூட்டவும் இல்லை. பின்னாலேயே நடந்தார். "அடி கிடி பட்டுச்சா?" என்று கேட்டார். தெருமுனை வரை கேட்டுக்கொண்டே போனார். உள்ளே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.